சாட்சி சொல்ல யாரும் வரலை, அண்ணி

என் பிரியமான அண்ணிக்கு,

முதல்ல ஒண்ணைச் சொல்லிடறேன், கோவப்படாதீங்க. உங்க கத்தரிப்பூ கலர் ஸ்வெட்டரை எலி கடிச்சிருச்சுன்னு அண்ணன்கிட்டச் சொன்னது பொய். நீங்க ஆண்டவர்கிட்டப் போனப்புறம் உங்க துணிமணியை இல்லாதவங்களுக்குக் குடுக்கப் பிரிச்சப்ப, அதை மட்டும் என் புடவைக்குள்ள சுருட்டிக்கிட்டேன். அந்த எலி நான்தான். நாத்தனான்னா அப்படித்தான் இருப்பா, உங்களுக்குத் தெரியாததா?

ஸ்வெட்டரோட உங்க ஊழியமும் என்கிட்ட வந்துருச்சு. ஸ்கூல் பஸ்ல வந்து இறங்கற, எஸ்டேட் வேலைக்காரங்க இருக்கற லயன் வீட்டுப் பிள்ளைங்களை ஜெப ரூம்ல உக்கார வச்சு, டீயும் வர்க்கியும் குடுத்து, எல்லாரையும் ஒண்ணாச் சேர்த்து, தேயிலைக்கு நடுவுல போற பாதையில தகரத்தைத் தட்டிக்கிட்டே வீடு சேர்க்கறேன். கொழுந்து எடை போட்டுட்டு அம்மாக்காரிங்க வர்றதுக்குள்ள இருட்டிருது. பாதையில கரடி நிக்குது, காட்டெருமை நிக்குது. "தகரம் தட்டற ஊழியக்காரி"ன்னு உங்களைக் கிண்டல் பண்ணுவேனே. இப்ப தகரம் என் கையில. சிரிச்சுக்குங்க.

சபையில முதல்ல தையல் மெஷின்தான் குடுக்கறதா இருந்தாங்க. "கொஞ்சம் பொறுங்க"ன்னுட்டு நீங்க குழாயடியில போய் உக்காந்தீங்க. தண்ணி பிடிக்க வந்தவங்ககிட்ட என்ன வேணும்னு கேட்டீங்க. ஒருத்திகூட மெஷின் கேக்கலை. எல்லாரும் சொன்னது பிள்ளைங்க தனியா வர்ற அந்தப் பாதையைத்தான்.

இன்னைக்கு அந்தப் பாதைக்கே ஆபத்து வந்துருச்சு, அண்ணி. இந்த ஊழியத்தை மதிப்பீடு பண்ண, கோயம்புத்தூர்ல இருக்கற தலைமைச் சபையில இருந்து ஒரு ஐயா வந்தார். மதிப்பீடுன்னா நகைக்கடையில பண்றதுன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். பலன் இல்லைன்னா இதை நிறுத்திட்டு, ஜெப ரூமைத் தையல் வகுப்புக்கே குடுத்துருவாங்களாம். பாஸ்டரய்யா முன்னாடியே சொல்லியிருந்தார்: "சலோமி, சனிக்கிழமை அரை நாள் வேலைதானே, அம்மாமாரைக் கூட்டிட்டு வா. ஆளுக்கொரு சாட்சி சொல்லட்டும்." நானும் பெருமையா லயன் முழுக்கச் சொல்லி அனுப்பினேன்: "வெளியூர்ல இருந்து ஒரு ஐயா வர்றார். எல்லாரும் வந்து சாட்சி சொல்லணும்."

ஒருத்திகூட வரலை.

பிள்ளைங்களுக்கு இந்தச் சனிக்கிழமையும் ஸ்கூல். பஸ் வந்துச்சு, பிள்ளைங்க வந்தாங்க, வர்க்கி தீர்ந்துச்சு. அம்மாமாரைக் காணோம். ஐயா வாசலையே பார்த்துக்கிட்டிருந்தார். கெட்ட மனுஷன் இல்லை, குளிர்ல நடுங்கிக்கிட்டே மெதுவாத்தான் கேட்டார்: "ஏம்மா, பலனடைஞ்சவங்க ஒருத்தருக்குக்கூட வர மனசில்லையா?" பாஸ்டரய்யா மொகத்துல ஈயாடலை. இத்தனை வருஷமா நீங்க நடந்த பாதை என் கையில வந்தா முடியணும்?

"முதல்ல இதைப் போடுங்கய்யா, பல்லு தந்தியடிக்குது"ன்னு ஸ்வெட்டரைக் கழட்டி அவர்கிட்டக் குடுத்துட்டு லயனுக்கு ஓடினேன். எல்லா வீட்டுக் கதவும் சாத்தியிருக்கு. நான் அரை நாள் கொழுந்து எடுக்கறப்ப என் பக்கத்து வரிசையில நிக்கற முருகாயி வீட்டைத் தட்டினேன்.

"முருகாயி, கதவைத் தொற!"

"நான் எதையும் பாக்கலீங்க்கா."

"எதைப் பாக்கலை?"

"மரம் வெட்டுனதை. எங்க ஊட்டுக்காரரும் பாக்கலை. நாங்க அன்னிக்கு ஊர்லயே இல்லீங்க்கா."

அப்பத்தான் எனக்கு உறைச்சுது. எஸ்டேட்ல மரம் திருடு போய், யாரு சாட்சின்னு போலீஸ் வீடு வீடா விசாரிச்சுட்டுப் போயிருந்தாங்க. நமக்குச் சாட்சின்னா, ஆண்டவர் செஞ்ச நன்மையைச் சபையில எந்திரிச்சுச் சொல்றது. மாரியம்மன் கோயிலுக்குப் போற இவங்களுக்குச் சாட்சின்னா கோர்ட்டு. நீங்க இவங்ககிட்ட அந்த வார்த்தையைச் சொல்லி நான் கேட்டதே இல்லை. தெரிஞ்சுதான் சொல்லலையா, அண்ணி?

"ஏம்புள்ள, கோர்ட்டுக்குக் கூப்பிடறதுக்கு நான் என்ன டவாலியா? நம்ம தகரம் தட்டறதைப் பத்திக் கேக்க வந்திருக்காரு."

"அதை மொதல்லயே சொல்றதுக்கென்னுங்க? மத்தியானத்துல இருந்து கட்டிலுக்கடியில கெடக்கறேன்."

அவளே கதவு கதவாத் தட்டி எல்லாரையும் கூட்டிட்டு வந்தா. ஐயா கேட்டார்: "இதனால உங்க வாழ்க்கையில என்ன மாற்றம் வந்துச்சு?"

முருகாயி நல்லா யோசிச்சுட்டு, "ஒண்ணும் வரலீங்க" அப்படின்னா.

அவளை அங்கேயே கிள்ளலாம்னு இருந்துச்சு எனக்கு. ஐயா பேனாவை மூடிட்டார். "அப்ப நிறுத்திடலாமா?"

"ஐயையோ! நிறுத்துனா பெரியவ படிப்பை நிறுத்தோணுங்க. அண்ணி வர்றதுக்கு முன்னால அவதான் பள்ளிக்கூடம் போகாம தம்பியைக் கூட்டிட்டு வந்துட்டிருந்தா."

லயன் முழுக்க உங்களை அண்ணின்னுதான் சொல்றாங்க, எனக்குப் போட்டியா. அப்புறம் ஆளாளுக்குப் பேச ஆரம்பிச்சாங்க. ஐயா பேனாவைத் திறந்தார். எழுதி முடிச்சுட்டுத் தயங்கிக் கேட்டார்: "இவங்கள்ல எத்தனை பேர் சபைக்கு வர்றாங்க?" பாஸ்டரய்யா தரையைப் பார்த்தார். எனக்கு எங்கிருந்து வந்துச்சோ, நீங்க சொல்றதையே சொல்லிட்டேன்: "ஐயா, இது சபைக்கு வர்ற பாதை இல்லீங்க. வீட்டுக்குப் போற பாதை."

ஐயா பிள்ளைங்களோட கிளம்பி நடந்தார். வளைவுல காட்டெருமை நின்னுச்சு. நீங்க பழக்கின மாதிரி பிள்ளைங்க மூச்சுக் காட்டாம நின்னாங்க. கிட்டத்துல தட்டினா மிரண்டு பாயும்னு நானும் தகரத்தைத் தட்டலை. முருகாயி மகன் ஐயா கையைப் பிடிச்சு, "ஓடாதீங்க"ன்னு கிசுகிசுத்தான். அது எங்களைப் பார்த்துச்சு, தேயிலையைப் பார்த்துச்சு, மெதுவா இறங்கிப் போச்சு. லயன் வந்து சேர்ந்ததும் ஐயா சொன்னது இதுதான்: "நடக்கட்டும். ஆனா நான் வந்து கேக்கறவரைக்கும் காத்திருக்காதீங்க. நீங்களே அடிக்கடி இவங்களைக் கேளுங்க."

கேப்பேன், அண்ணி. இது உங்களுக்கு நான் குடுக்கற வாக்கு. குழாயடியில உக்காந்து, பாதை இன்னும் வேணுமா, வேற ஏதாச்சும் வேணுமான்னு கேப்பேன். வேண்டாம்னு சொன்னா வீம்பு பிடிக்காமத் தகரத்தைக் கீழ வச்சிருவேன். சாட்சின்னு மட்டும் வாயே திறக்க மாட்டேன்.

ஐயா ஜீப்ல ஏறி ஸ்வெட்டரோடயே மலை இறங்கிட்டார். என் வீட்டுச் சாவி அதோட பையில இருக்கு. பூட்டு நீங்க வாங்கிக் குடுத்தது, உடைய மாட்டேங்குது.

முருகாயி வீட்டுக் கட்டில்ல இருந்து,
உங்க நாத்தனா
சலோமி