நேற்று என்ன சாப்பிட்டோம் என்றால்

அன்பு மகள் அலினாஃபேவுக்கு உன் அம்மா எழுதிக்கொண்டது. இங்கே நான் சுகம், அப்பா சுகம், மூன்று கோழிகளும் சுகம், ஆட்டைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். நீ சுகமாக இல்லை என்று உன் கடிதமே சொல்லிவிட்டது, அதனால் கேட்கவில்லை. மழைக்குக் குறைவில்லை, மக்காச்சோளம் இடுப்பு உயரம் வந்துவிட்டது, கதிர்தான் இன்னும் பிடிக்கவில்லை. அரைக்க ஆளே வராத மாவு மில்லில் உன் அப்பா போய் உட்கார்ந்துகொண்டு, என் மகள் லிலாங்வே பட்டணத்தில் டாக்டருக்குப் படிக்கிறாள் என்று ஈயிடமும் எறும்பிடமும் சொல்கிறார். டாக்டர் இல்லை, சத்துணவுப் படிப்பு என்று நான் திருத்தினால், சரி, அப்ப கஞ்சி டாக்டருன்னு வச்சுக்க என்கிறார்.

அந்தக் கஞ்சி டாக்டர் இப்போது படிப்பை விட்டுவிட்டு வருகிறேன் என்று எழுதியிருக்கிறாள். மூன்று தடவை எழுத்துக்கூட்டிப் படித்தேன். போன மாதம் நீயும் உன் கூட்டாளிப் பெண்களும் நம் ஊருக்கு வந்து, நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று வீடு வீடாகக் கேட்டு எழுதி, பிள்ளைகளின் கையில் வண்ண நாடாவைச் சுற்றி அளந்து போனீர்களே, அதில் பேச்சைக் கேட்டால் ஊரே விருந்து சாப்பிடுகிறது, நாடாவைப் பார்த்தால் பாதிப் பிள்ளைகள் பச்சையைத் தொடாமல், மெலிவைக் காட்டும் மஞ்சளில் நிற்கிறார்கள், உனக்கு நாடா பிடிக்கவே தெரியவில்லை என்று ஆசிரியை எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார், என் கைக்கு இந்த வேலை வராது அம்மா என்று எழுதியிருந்தாய். உன்னை நினைத்துப் பாவமாக இருந்தது. கூடவே சிரிப்பும் வந்தது, கோபித்துக்கொள்ளாதே.

நடந்ததைச் சொல்கிறேன் கேள். நீங்கள் வந்த அன்று காலையில் அடிபம்பில் பெண்களையெல்லாம் நிறுத்தி வைத்துப் பேசியது நான்தான். பட்டணத்துப் பிள்ளைங்க வருதுங்க, கூட என் மகளும் வர்றா, ஒண்ணும் திங்கலைன்னு சொல்லி அவ தலையைக் குனிய வச்சிராதீங்கடி என்றேன். விருந்தாளி கேட்டால் வயிறு நிறைந்தது என்றுதானே நாம் சொல்வோம், பசி என்று சொன்னால் புருஷனுக்கல்லவா கேவலம். அதனால் பக்கத்து வீட்டு நாபண்டா முட்டை என்றாள், அடுத்த வீடு மீன் என்றது. சொந்த வீட்டில் கேட்கக் கூடாது என்று நீ அனுப்பிய தோழியிடம் நான் ஆட்டுக்கறி என்றேன். நம்மிடம் இருக்கிற ஒரே ஆடு அப்போது அவளுக்குப் பின்னால் நின்று அவள் பையை மென்றுகொண்டிருந்தது, அந்தப் பெண்ணும் ஆட்டுக்கறி என்றே எழுதிக்கொண்டாள், என்ன படிப்போ! உனக்குச் சந்தேகம் வரக் கூடாது என்றுதான் நாலாவது கோழியை அடித்துக் குழம்பு வைத்தேன்.

உன் கடிதம் வந்த பிறகு, ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் எல்லோரையும் மரத்தடியில் உட்கார வைத்து, இனி உண்மையைச் சொல்லுங்கள் என்றேன். நாபண்டா மட்டும் முடியவே முடியாது என்றாள், எம் புருஷன் மானம் போயிரும்க்கா என்றாள். அவள் மடியில் இருந்த லிம்பானியின் கையை நான் இரண்டு விரலால் வளைத்துப் பிடித்தேன். இரண்டு வயதுப் பிள்ளை, என் விரல்கள் சுற்றி வந்து ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டன. இந்தக் கையை விடவாடி உம் புருஷன் மானம் மெலிஞ்சு போச்சு என்று கேட்டேன். முறைத்தாள், அப்புறம் அழுதாள், அப்புறம் முட்டை இல்லை, பரங்கி இலை என்றாள்.

இதைப் போனில் சொல்லாததற்குக் காரணம், பேச்சை உன் ஆசிரியையிடம் காட்ட முடியாது, தாளைக் காட்டலாம். பின்பக்கத்தில் பதினோரு வீட்டுக்காரிகள் சொல்லச் சொல்ல எழுதியிருக்கிறேன், கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் அடுப்புக் கரியைத் தொட்டுப் பெருவிரல் வைத்திருக்கிறார்கள். ஒரு மாதம் முன்பு தின்றது எப்படி ஞாபகம் என்று அந்த அம்மா கேட்டால், தினமும் அதேதான், மறக்க வழியில்லை என்று சொல். திட்டுவதென்றால் என்னைத் திட்டச் சொல், நாலாம் வகுப்போடு நின்றவள் என்றாலும் அந்த நாலு வருஷமும் திட்டு வாங்கிப் பழகியவள். எங்கள் வாய்தான் தப்பாக அளந்தது மகளே, உன் கை சரியாகத்தான் அளந்தது.

படிப்பை விட்டுவிட்டு வந்தால் வாசலில் ஆட்டைக் கட்டி வைப்பேன், உள்ளே விடாது. நாடாவோடு வா, லிம்பானிக்குச் சத்துமாவு எங்கே கிடைக்கும் என்று விசாரித்துக்கொண்டு வா. அடுத்த தடவை யாரையும் கேட்காதே, நேராக அடுப்படிக்குப் போய்ப் பானையைத் திறந்து பார். ஈரத் தலையோடு வகுப்புக்குப் போகாதே. ஆண்டவர் உன் கையை ஆசீர்வதிப்பார், அப்பாவும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார், விஷயம் எதுவும் அவருக்குத் தெரியாது, தெரிய வேண்டாம்.

பின்பக்கம் பத்து வீடுதான் இருக்கும். பதினோராவது நம் வீடு, அப்பா எட்டிப் பார்ப்பார் என்று அங்கே எழுதாமல், அவர் மில்லுக்குப் போன பிறகு இங்கே எழுதுகிறேன். காலையில் ஒன்றுமில்லை. மதியம் உப்புத் தொட்டுப் பச்சை மாங்காய். சாயங்காலம் ஆளுக்கு ஒரு கை நிசிமாக் களி, பரங்கி இலை. ஆடு சுகம்.

உன் அம்மா
எஸ்னாத்