மூன்று தடவை வேண்டாம் என்றாய்

என் பிரியமான தம்பி கனகுக்கு,

நீ போய் மூன்று வருஷம் ஆகப்போகிறது. இங்கே எல்லாரும் நலம் என்று எழுத ஆசைதான். ஆனால் அமெரிக்காவில் ஏதோ பாங்க் மூழ்கிப்போனதாம், நம் பனியன் கம்பெனியில் பாதி மெஷின் மூடிக் கிடக்கிறது. மீதிப் பாதிக்குக் கரண்ட் இல்லை. முதலாளி மட்டும் மாறவில்லை, அதே எச்சில் கையால் காக்கா விரட்டாத மனுஷன். உன் மகள் திவ்யா ப்ளஸ் ஒன் சேர்ந்துவிட்டாள். அவளும் உன்னை மாதிரிதான், யார் எதைக் கொடுத்தாலும் முதலில் "வேண்டாங்க" என்கிறாள்.

அந்தச் சொல்லைக் கேட்டாலே நான் எழுந்து வெளியே போய்விடுகிறேன். ஏன் என்று உனக்குத் தெரியும். உன் மனைவி மல்லிகாவுக்குத் தெரியாது. இந்த மூன்று வருஷமாக அவளிடம் சொல்ல வாய் வராமல் திரிகிறேன், அதற்குத்தான் இந்தக் கடிதம்.

நான் சாத்தான்குளம் பக்கத்திலிருந்து உங்கள் ஊருக்குப் பிழைக்க வந்தவன். எங்கள் ஊரில் வேண்டாம் என்றால் வேண்டாம்தான், பேச்சு முடிந்தது. துணி வெட்டுகிற கட்டிங் செக்‌ஷனில் சேர்ந்த புதிதில் உன்னை டீக்குக் கூப்பிட்டேன். "வேண்டாங்ணா, இப்பத்தான் குடிச்சனுங்க" என்றாய். சரி என்று நான் மட்டும் போய்க் குடித்துவிட்டு வந்தேன். இப்படியே ஒரு மாசம் ஓடியது. கடைசியில் நீயே சிரித்துக்கொண்டு, "ஏனுங்ணா, ஒருக்கா வேண்டாம்னா அப்படியே உட்ருவீங்களா?" என்று கேட்டாய். அட கிரகமே என்று தலையில் அடித்துக்கொண்டேன். அன்றிலிருந்து நீ மூன்று தடவை வேண்டாம் என்றாலும் கிளாஸை உன் கையில் திணித்துவிட்டுத்தான் மறுவேலை. நீயும் சொட்டு விடாமல் குடிப்பாய்.

நீ போன அந்த வருஷம் சரக்கெல்லாம் கப்பலுக்குப் போனதும் கம்பெனியில் வால்பாறைக்கு டூர் கூட்டிப்போனார்கள். கூடவே வேலை பார்க்கிற மல்லிகாவுக்குக் காய்ச்சல், அவள் வரவில்லை. திரும்பி இறங்கும்போது பிற்பகல், நல்ல மழை. நம் வேன் டிரைவருக்கு இறக்கம் கண்டால் டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுகிற பழக்கம். பல்லடம் ரோட்டில் அது செல்லும், மலையில் செல்லுமா? நாலைந்து கொண்டை ஊசி வளைவு தாண்டியதும் பிரேக் சூடேறிப் பிடிக்கவில்லை. ஓரத்துச் சுவரை உடைத்துக்கொண்டு வேன் பக்கவாட்டில் சரிந்து, முப்பது அடி கீழே இரண்டு மரத்தில் சாய்ந்து நின்றது.

எங்களுக்கெல்லாம் சிராய்ப்பு, வீக்கம், அவ்வளவுதான். கதவோரம் உட்கார்ந்திருந்த நீ வெளியே விழுந்திருந்தாய். சேற்றில் மல்லாந்து கிடந்தாய், கண் திறந்திருந்தது. ரத்தம்கூட இல்லை. அப்பாடா, தப்பித்தான் என்று நான் கர்த்தருக்கு நன்றி சொன்னேன். செல்போனில் டவர் இல்லை. மேலே ரோட்டில் ஒரு வண்டிச் சத்தம் இல்லை. மேகம் இறங்கி வந்து பக்கத்தில் நிற்பவன் முகத்தை மறைத்தது. நீயோ எழுந்திருக்கவில்லை.

எங்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான் கனகு. தினமும் துணி ரோலைத் தோளில் போட்டு மூன்றாம் மாடிக்கு ஏற்றுகிறவர்கள். உன்னையும் அப்படியே தூக்கலாம் என்று குனிந்தேன்.

"உங்களுக்கெதுக்குங்ணா செரமம்" என்றாய்.

"சும்மா கெடடே, மேல கொண்டு போயிருதோம்" என்றேன்.

"இருக்கட்டுங்ணா, நா இங்கயே கெடக்கறனுங்க."

விழுந்து கிடக்கிற நேரத்திலும் இவன் மரியாதை போகவில்லையே என்று எனக்குச் சிரிப்புக்கூட வந்தது. தோளில் போட்டேன். முன்னால் இரண்டு பேர் உன் காலைப் பிடித்துக்கொண்டார்கள். உன் தலை என் முதுகில் தொங்கி, நான் வைத்த ஒவ்வொரு அடிக்கும் ஆடியது. பாதி தூரத்தில், "உட்ருங்ணா" என்றாய். மூன்றாவது தடவை. டீக்கு நீ சொல்கிற அதே கணக்கு என்றுதான் கூறுகெட்ட நான் நினைத்தேன். அதற்குப் பிறகு நீ பேசவே இல்லை.

உனக்கு வலித்ததா? கை கால் மரத்துப்போனது உனக்குத் தெரிந்ததா? அல்லது நிஜமாகவே என் சிரமத்தைத்தான் நினைத்தாயா? ஒரு சொல் கோபமாகச் சொல்லியிருக்கக் கூடாதா, பாவி? ஒரு கெட்ட வார்த்தை திட்டியிருந்தால் அந்த இடத்திலேயே இறக்கியிருப்பேனே.

எஸ்டேட் ஜீப் ஒன்று வந்தது, அதில் உன்னை ஆஸ்பத்திரி சேர்த்தோம். சின்ன வயசு டாக்டர். யார் தூக்கி வந்தது, எப்படித் தூக்கினீர்கள் என்று கேட்டார். நான்தான் என்று என் தோளைத் தட்டிக் காட்டினேன், பெருமையாக. "கழுத்துல அடிபட்டவங்கள அசைக்கவே கூடாதுங்க. அப்படியே படுக்க வெச்சிருந்தா..." என்று சொல்லிவிட்டு, மீதியைச் சொல்லாமல் உள்ளே போனார். மூன்றாம் நாள் நீ போய்விட்டாய்.

வருஷா வருஷம் உன் திவசத்துக்கு மல்லிகா என்னை முதல் பந்தியில் உட்கார வைக்கிறாள். "எங்கூட்டுக்காரரத் தோள்ல தூக்கிட்டு வந்தவருங்க" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள். நான் தலையைக் குனிந்து சாப்பிடுகிறேன்.

இப்படியே செத்துப்போவேன் என்றுதான் இருந்தேன். போன வாரம் சரக்கு ஏற்றுகிற பீகார்க்காரர் ஒருவர் லாரி மேலிருந்து விழுந்தார். நாற்பது வயசிருக்கும். நாலா பக்கமும் ஆள் ஓடி வந்து தூக்கக் குனிந்தார்கள். "ஒருத்தனும் தொடக்கூடாது!" என்று கத்தினேன் பார், என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. தரையில் உட்கார்ந்து அவர் தலையை இரண்டு கையாலும் ஆடாமல் பிடித்துக்கொண்டேன். தூக்குங்கள், தூக்குங்கள் என்று இந்தியில் கெஞ்சினார். உன் பேச்சைக் கேட்காதவன், அவர் பேச்சையும் கேட்கவில்லை. நூற்றெட்டு வண்டி வரும்வரை அழுதுகொண்டே பிடித்திருந்தேன். பிழைத்துவிட்டார், எழுந்து நடப்பார் என்று சொல்லிவிட்டார்கள்.

மறுநாள் கம்பெனியே என்னைச் சுற்றி நின்று பாராட்டியது. மல்லிகாவும், தைத்த பீஸில் குறை பார்க்கிற செக்கிங் டேபிளிலிருந்து எழுந்து வந்தாள். "எங்கீங்ணா கத்துக்கிட்டீங்க, தூக்கக் கூடாதுன்னு?" என்று கேட்டாள்.

சாதாரணமாகத்தான் கேட்டாள். என் கை தானாகப் போய் உன்னைத் தூக்கிய தோளைப் பிடித்துக்கொண்டது. என் முகத்தைப் பார்த்தாள். அவள் சிரிப்பு மெல்லக் குறைந்தது. "அப்படின்னா அன்னைக்கு..." என்றவள் நிறுத்திக்கொண்டாள். திரும்பிப் போய் உட்கார்ந்து பீஸ் பார்க்க ஆரம்பித்தாள். ஒரே பனியனை வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு அவள் என்னிடம் பேசவில்லை. நானும் அவள் பக்கம் போகவில்லை.

இனி முடியாது தம்பி. இந்த ஞாயிறு கோயிலில் ஆராதனை முடிந்ததும் நேராக உன் வீட்டுக்குப் போகிறேன். நீ சொன்னதையும், நான் கேட்காததையும், டாக்டர் பாதியில் விட்டதையும் ஒன்று விடாமல் மல்லிகாவிடம் சொல்லிவிடுவேன். திவ்யாவும் கேட்கட்டும். காறித் துப்பினாலும் துடைத்துக்கொள்வேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

அதன்பின் அந்த வீட்டில் என்னை யாரும் அண்ணா என்று கூப்பிடுவார்களா, தெரியாது. அதனால் இன்றைக்கே அண்ணன் என்று கையெழுத்துப் போட்டுக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வரைக்குமாவது,
உன் அண்ணன்,
செல்வின்