ஹானியின் வாளும் என் வாயும்

28.1.97, செவ்வாய். பீல்.
மூடுபனி. பஸ் தாமதம். தொழிற்சாலையில் நாள் முழுக்கக் கடிகார முள் பொருத்தி என் இரு விழிகளும் கடுகாகிவிட்டன.

மாலையில் மேல்மாடி ஹானி வந்தான். அலெக்சாந்திரியாப் பிள்ளை, பத்தொன்பது வயது, வாள்வீச்சுக்காரன். இங்கே ஒரு கழகத்தில் பயிற்சி. என் மனைவி மலர் நோன்புக் கஞ்சி காய்ச்சியிருந்தாள். மன்னாரில் பக்கத்து வீட்டு முஸ்லிம் ஆட்களிடம் பழகிய கை. மூன்று கோப்பை குடித்தான். பிறகுதான் விஷயம். தகப்பன் சொல்லிவிட்டாராம்: சனிக்கிழமை பேர்ன் போட்டியில் முதல் பதினாறு பேருக்குள் வந்தால் இன்னும் ஒரு வருடம் இங்கே. வராவிட்டால் ஊருக்கு, அவருடைய மருந்துக் கடைக்கு.

"மாமா, வருவீங்களோ?" 'மாமா' மட்டும் தமிழ், மிச்சம் பிரெஞ்சு.

வராமல்? எகிப்துப் படைக்குச் சேனாதிபதி வேறு யார்?

மலர்: "இஞ்சேருங்கோ, அங்க வந்து வாய் காட்டக் கூடாது. அது ஓல்டன் மைதானமில்லை."

கோடையில் ஓல்டனில் நடக்கும் தமிழ் உதைபந்தாட்டத்துக்கு ஒலிவாங்கி பிடிப்பவன் அடியேன். என் வருணனையில் ஒரு பந்து ஆல்ப்ஸைத் தாண்டி மிலானில் விழுந்ததுண்டு.

30.1, வியாழன்.
பனி. வாங்க: பால், வெங்காயம், மகள் காலுக்குப் புதுச் சப்பாத்து.

வேலை முடிந்து பயிற்சி பார்க்கப் போனேன். வாள் நுனி எதிராளி மேல் எங்கே பட்டாலும் விளக்கு எரியும், 'பீப்' என்று கத்தும். முதலில் பதினைந்து எடுப்பவன் வெற்றி. அவ்வளவுதான் சட்டம். பயிற்சி கொடுக்கும் அம்மா "முழங்கால்! முழங்கால்!" என்று கத்திக்கொண்டேயிருந்தார். திரும்பும் வழியில் கேட்டான்: "மருந்துக் கடையில நிக்கிறவனுக்கு இந்தக் கால் எதுக்கு, மாமா?"

அவன் வாள் பையை வாங்கி என் தோளில் போட்டுக்கொண்டேன்.

1.2, சனி. பேர்ன்.
காலை ரயில். மலரும் நானும். மண்டபத்தில் தேவாலய அமைதி. இருமினாலே திரும்பிப் பார்க்கிறார்கள்.

முதல் ஆட்டம் ஹானி வென்றான். அடுத்ததை வென்றால் பதினாறுக்குள். எதிரி ஆளல்ல, மின்கம்பம். கை மட்டுமே ஒரு ரயில் பெட்டி நீளம். 5–9. 9–11. முணுமுணுப்பாகத்தான் தொடங்கினேன்: "இதோ வருகிறது நைல் நதிச் சிங்கம்..." எப்போது உரத்ததென்று தெரியாது. நடுவர் ஆட்டத்தை நிறுத்தி என்னை நோக்கி விரலை நீட்டினார். மலர் தொடையில் கிள்ளினாள்.

"உங்களாலதான் பிள்ளை தோக்கப்போகுது."

13–14. ஹானி குனிந்தான், எதிரியின் கால் விரலில் குத்தினான். விளக்கு! 14–14. நான் எழுந்துவிட்டேன். "அடிச்சான் பாருங்கோ! பிரமிட்டே எழும்பி நிக்குது!"

நடுவர் கையில் கறுப்பு அட்டை. எனக்கு! ஹானி முகமூடியைத் தூக்கிப் பார்த்தான். சிரிக்கவில்லை. பச்சைச் சட்டைக் காவலாளி ஒருவர் என் கையைப் பிடித்து, மரியாதையாக, வாசலுக்கு வெளியே விட்டார். கதவு சாத்தப்பட்டது.

ஒரே ஒரு புள்ளி. அதைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. காதைக் கதவில் வைத்தேன். சப்பாத்துக் கிறீச்சு. பிறகு ஒன்றுமில்லை. மறுபடி கிறீச்சு. மருந்துக் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் அந்தக் கால்கள் நிற்பது மனக்கண்ணில் தெரிந்தது. "கர்த்தரே, என்ரை நாக்கை எடும், அவனுக்கு ஒண்டைக் குடும்" என்றேன். விளக்கின் 'பீப்'. யாருடையது? ஒரு பெண் அலறினார். மகிழ்ச்சியா, அழுகையா? எந்த மொழியிலும் அலறல் ஒன்றுதான்.

கதவு திறந்தது. மலர். கண் சிவப்பு.

"வெண்டிட்டான். பதினாறுக்குள்ள வந்திட்டான்."

பின்னாலேயே ஹானி, தலையெல்லாம் வியர்வை. கட்டிப்பிடிக்கப் போனேன். வாளைக் குறுக்கே நீட்டி நிறுத்தினான்.

"அடுத்த ஆட்டம் இப்ப. மாமா, நீங்கள் அசையாமல் இந்த வாசலிலேயே நில்லுங்கோ."

நின்றேன். நல்ல குளிர்.