கோணல் கீறல்

அன்புள்ள அண்ணா,

பாப்பாவின் பிறந்தநாளுக்கு நீ கொடுத்த ஆமையை நேற்று வீடியோ காலில் பார்த்தேன். எந்தக் கடையில் வாங்கினாய் என்றால், "ஏதோ கடை, விடேன்" என்கிறாய்.

இங்கே சதுப்பில் எங்கள் வகுப்பு தவளைகளை எண்ணி முடித்துவிட்டது. ஆமையில்தான் வம்பு. அளவெடுக்கத் தொட்டியில் வைத்திருந்த ஒன்று, நீ என்னைப் பார்க்க வந்துபோன அன்று காணாமல் போனது. பேராசிரியருக்கு எங்களைச் சதுப்புக்குள் கூட்டிப்போகும் படகுக்காரர்மேல் சந்தேகம். "சத்தியமா நான் தொடலம்மா, நீயாவது சொல்லு" என்று அவர் என்னிடம் கெஞ்சினார்.

பிடிக்கிற ஆமைக்கெல்லாம் ஓட்டு விளிம்பில் அரத்தால் அடையாளம் போடுவோம். காணாமல் போனதற்குப் போட்டது நான். கை நழுவி ஒரு கீறல் கோணலாகிவிட்டது.

நேற்று பாப்பா ஆமையைக் கேமராவுக்குப் பக்கத்தில் கொண்டுவந்ததும் போன் உன் கைக்கு மாறியது. சிக்னல் இல்லை என்றாய். உன் வீட்டு சிக்னல் நன்றாகத்தான் சமயம் பார்க்கிறது.

நான் உன்னை எதுவும் கேட்கவில்லை. திங்கட்கிழமை படகுக்காரரை வேலையைவிட்டு நிறுத்துகிறார்கள். அதற்குள் இங்கே ஒரு நடை வந்துவிட்டுப் போ.

வரும்போது வாளியை இறுக்கி மூடிவிடாதே. மூச்சு முட்டும்.

உன் தங்கை