கடிகாரத்தில் ஒரு நீலப் புள்ளி

மார்ச் 4

என் குட்டிமாவுக்கு,

நலம் என்று எழுதக் கை வரவில்லை. நீ உன் அம்மா வீட்டுக்குப் போய்ப் பதினைந்து நாளாயிற்று. கட்டைப் பிரித்தார்களா? இடது கண்ணில் வெளிச்சமாவது தெரிகிறதா?

கோபத்தில் கொஞ்சம் மிஞ்சிவிட்டேன். ஆனால் நம் ஆய்வுக் கட்டுரையில் என் பெயரை இரண்டாவதாகப் போட்டது உன் தப்புதானே? இருபதாம் தேதி ஆய்வகத்தில் விசாரணை. மோதிரத்தைக் கழற்ற மறந்தாய், லேசர் அதில் பட்டுக் கண்ணுக்குத் திரும்பியது என்று நீ கையெழுத்துப் போட்டதை அப்படியே சொல்லிவிடு. என் கடிகாரம் உன் பையில் இருக்கிறதாம், அனுப்பு.

உன் புருஷன்

மார்ச் 8

உங்களுக்கு,

"அந்தக் கண்ணுல பார்வை இனிமே வராதும்மா" என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஆஸ்பத்திரி ஃபாரம் என்று சொல்லி, இரண்டு கண்ணிலும் கட்டோடு கிடந்தவளின் விரலைப் பிடித்துக் கையெழுத்து வாங்கினீர்களே, அதுவா என் அறிக்கை? லேசர் அறைக்குள் உலோகம் கூடாது. என் மோதிரம் வாசல் டப்பாவில்தான் கிடந்தது. நீங்கள்தான் எதையும் கழற்றாமல் பாய்ந்து வந்து, என் முடியைப் பிடித்து மேஜை விளிம்பில் இரண்டு முறை மோதினீர்கள். பாதுகாப்புக் கண்ணாடி தெறித்தது. மூன்றாவதாக ஓங்கிய கை லேசரின் குறுக்கே போனது, ஒளி உங்கள் கடிகாரத்தில் பட்டு என் கண்ணில் பாய்ந்தது. விழும்போது கடிகாரத்தைப் பற்றினேன், வார் அறுந்து கையோடு வந்தது.

நான்

மார்ச் 11

டப்பாவில் மோதிரம் இருந்ததற்கு யார் சாட்சி? உள்ளே நீயும் நானும்தான். கடிகாரத்தை நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். மிச்சமுள்ள கண்ணைப் பத்திரமாக வைத்துக்கொள்.

மார்ச் 17

உங்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து அம்மா நடுங்கிப்போனாள். எனக்கும் பயம்தான்.

கடிகாரத்தில் வெறும் கண்ணுக்கு ஒரு கீறலும் தெரியவில்லை. நீங்கள் சோடாபுட்டி என்று கேலி செய்வீர்களே, நம் டெக்னீஷியன், அவரிடம் கொடுத்தேன். நம் நுண்ணோக்கியிலேயே வைத்துப் பார்த்தார். எட்டு வருஷமாக நாம் செய்த வேலைதானே! சிவப்பு ஒளியை அனுப்பினால், லேசர் பட்டு மாறிய பரப்பு மட்டும் நீலத்தைப் பலமாகத் திருப்பித் தரும். விளிம்பில் பன்னிரண்டுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு புள்ளி, அப்படியே எரிகிறது. படம் இத்துடன் இருக்கிறது. அன்று மாலையே டப்பாவிலிருந்து என் மோதிரத்தை எடுத்து வைத்தவரும் அவர்தான். அதில் ஒரு புள்ளியும் இல்லை.

விசாரணைக் குழுவுக்கும் ஒரு பிரதி போயிற்று. கட்டுரையிலும் உங்கள் பெயர் இரண்டாவதாகவே வரும், வேலை செய்தது உண்மைதானே.

கடிகாரத்துக்காக இங்கே வர வேண்டாம். அது உங்கள் பதினோராம் தேதிக் கடிதத்தோடு போலீஸ் ஸ்டேஷனில் இருக்கிறது. அங்கே போய்க் கேளுங்கள்.

நான்