நாடா இல்லாத பாவாடை

1946, ஜனவரி 24, வியாழன்

இன்று சொல்லாமல் விட்டவை:

வலிக்கிறதா என்று பெரிய டாக்டர் கேட்டதற்கு, வலிக்கிறது என்று.

டாக்டர் என்ன சொன்னார் என்று அம்மா கேட்டதற்கு, அவர் சொன்னதில் பாதியை.

மூன்றாவதுதான் முக்கியம். கடைசியில் எழுதுகிறேன்.

காலையில் பனி. ஏழு மணிக்குக் கைரிக்ஷாவில் ஆஸ்பத்திரி. கட்டுப் போடும் அறையில் சிஸ்டர் பழைய திரியை உருவிவிட்டுப் புதியதை வைத்தார். திரி என்பது விரல் அகல மெல்லிய துணி நாடா. மருந்தில் நனைத்துக் காயத்துக்குள் செருகுவது. எத்தனை அங்குலம் உள்ளே போகிறதோ, காயம் அத்தனை ஆழம். இன்று இரண்டேகால்.

போன வாரம் இரண்டு.

பெரிய டாக்டரோடு ஆறு மாணவர்கள். அவர்களிடம் ஆங்கிலத்தில் சொன்னார், எனக்குப் புரியாது என்பது போல: பிப்ரவரி கடைசி வியாழன் வரை பார்க்கலாம், அதற்குள் மூடாவிட்டால் மறுபடி திறந்து சுரண்டித் தைக்க வேண்டும். இந்தப் பெண்ணின் உடம்பில் சத்து இல்லை, அதுதான் ஆறவில்லை. நான் ஆங்கிலத்தில் பி.ஏ. சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன்.

மறுபடி திறப்பது. அந்த மயக்க மருந்து முகமூடியின் வாசனை. கண் விழித்ததும் வாய் முழுவதும் பஞ்சு போல வறட்சி. வேண்டாம். இதைத்தான் அம்மாவிடம் சொல்லவில்லை.

சரி, மூன்றாவது. திரியின் அளவை முதல் நாளிலிருந்து இந்த நோட்டின் பின்பக்கத்தில் குறித்து வருகிறேன். அக்டோபர் கடைசியில் வயிற்றில் ஆபரேஷன். ஆஸ்பத்திரியில் இருந்த ஆறு வாரத்தில்: 5, 4½, 4, 3, 2½, 2. டிசம்பர் எட்டாம் தேதி வீட்டுக்கு வந்தேன். அதன்பின்: 2, 2, 2¼, 2, 2, 2, 2¼. வீட்டில் சாப்பாடு அங்கேயைவிட நன்றாக இருக்கிறது. அம்மா என்னை ஒரு குடம்கூடத் தூக்க விடுவதில்லை. பின் ஏன் நின்றது? ஆஸ்பத்திரியில் இல்லாமல் வீட்டில் இருப்பது எது என்று நாலு நாளாக யோசித்தேன்.

அங்கே தொளதொள கவுன். இங்கே புடவை, உள்பாவாடை. கீழ்ப்பாதி காயம் எப்போதோ மூடிவிட்டது. மூடாத துளை மேல் முனையில், தொப்புளுக்கு வலப்பக்கம். பாவாடை நாடா இறுகும் இடம்.

இதைச் சொல்லத்தான் வாய் திறந்தேன். ஆறு பேரும் என் வயது. ஒருவன் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தான். வாயை மூடிக்கொண்டேன்.

ஜனவரி 25, வெள்ளி

குளிக்கும்போது பார்த்தேன். இடுப்பைச் சுற்றிக் கறுப்பாக ஒரு கோடு. பதினாலு வயதிலிருந்து கட்டிய நாடாவின் தடம். எல்லாப் பெண்களுக்கும் இருக்கிறது, பிறவியிலேயே வந்தது போல யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. கோடு துளையின் மேலேயே போகிறது. அளந்தும் பார்த்தேன். வித்தியாசம் ஒரு நெல் அகலம்கூட இல்லை.

நாடாவை இறக்கிக் கட்டினால் புடவை நழுவுகிறது. ஏற்றிக் கட்டினால் மூச்சு முட்டுகிறது, மத்தியானத்துக்குள் தானே பழைய இடத்துக்கு இறங்கிவிடுகிறது.

மத்தியானம் தூங்கவில்லை. பழைய பரீட்சைத் தாளின் பின்பக்கத்தில் படம் போட்டேன். சின்னக் குழந்தைகளுக்குப் பாடி வைத்துத் தைத்த பாவாடை உண்டே, தோளிலிருந்து தொங்குவது. அதையே பெரிதாக. இடுப்பில் ஒன்றும் இறுகக் கூடாது. கனம் முழுவதும் தோளில். புடவைக் கொசுவத்தைச் செருக இடம் இல்லையே? பாடியின் முன்பக்கம் துணியை இரட்டையாக மடித்து நாலு வளையம் தைத்து, ஊக்கு குத்தலாம்.

படம் அழகாக வந்தது. கல்லூரியில் எந்தக் கட்டுரைக்கும் இவ்வளவு திருப்திப்பட்டதில்லை.

ஜனவரி 27, ஞாயிறு

அம்மாவிடம் சொன்னேன். படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"என்னடி இது, சட்டைக்காரி கவுனா? இதைப் போட்டுண்டு ஆத்துக்குள்ள நடமாடப் போறியா?"

"மேல புடவை கட்டிண்டுடுவேம்மா. வெளில தெரியாது."

"ஒம்பது கஜம் கட்டிண்டா இந்தப் பாவாடையும் வேண்டாம், நாடாவும் வேண்டாம். முடிச்சு ஒண்ணு போட்டாப் போறும்."

"அந்த முடிச்சு எங்க வரும்?"

அம்மா தன் இடுப்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

அந்த வியாதியின் பெயரைச் சொன்ன நாளிலிருந்தே அம்மாவுக்கு என்மேல் ஒரு மனக்குறை. முதலில் குடலில் டி.பி. என்றார்கள். வெட்டி எடுத்த துண்டைச் சோதித்துவிட்டு, இல்லை, கிரோன் என்ற டாக்டரின் பெயரால் வழங்கும் வியாதி என்றார்கள். "இருந்திருந்து வெள்ளைக்காரன் பேர்ல ஒரு வியாதி வரணுமா நமக்கு" என்றாள். டி.பி. இல்லை என்று ஆகி மூன்று மாதம். என் டம்ளர் இன்னும் தனியாகத்தான் கவிழ்ந்திருக்கிறது.

ஜனவரி 29, செவ்வாய்

துணிக்கு எங்கே போவது. ரேஷன் கார்டில் இந்த மாதத் துணி வாங்கியாகிவிட்டது. அப்பாவிடம் காரணம் சொல்லாமல் கேட்டேன்.

"பழைய மல் வேஷ்டி ரெண்டு இருக்கு, எடுத்துக்கோ" என்றார். பேப்பரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பிறகு, "வெட்டறதுக்கு முன்னாடி ஜரிகையைப் பிரிச்சு வெச்சுக்கோ."

ஜனவரி 31, வியாழன்

ஆஸ்பத்திரி. திரி 2¼. சத்துக்கு மீனெண்ணெய் எழுதிக் கொடுத்தார்கள். இன்றும் சொல்லவில்லை. இப்போது கூச்சம் மட்டும் இல்லை. நிரூபித்துவிட்டுச் சொல்ல வேண்டும் என்று இருக்கிறது.

திரும்பும் வழியில் ராயப்பேட்டை. எங்கள் தெருப் பெண்களுக்கெல்லாம் ரவிக்கை தைத்துத் தருகிற கதீஜா வீடு. அவள் கணவர் கடையில் ஆண்களுக்குத் தைப்பார், இவள் வீட்டில் பெண்களுக்கு. படத்தை மிஷின் மேல் விரித்தேன்.

"இன்னாம்மா இது, மேலயும் சேர்த்தி இல்லே, கீழயும் சேர்த்தி இல்லே?"

"ரெண்டும் சேர்ந்ததுதான். இடுப்பிலே இறுகாம வேணும்."

"நாடா எங்கே?"

"நாடா கிடையாது."

"நாடா இல்லாத பாவாடையா. யா அல்லா, அவுந்து போச்சுன்னா என் பேரைச் சொல்லிடாதே." சிரித்தாள். அப்புறம் கதவைச் சாத்திவிட்டு அளவு எடுத்தாள். கட்டைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. இஞ்சு டேப்பை இடுப்பில் சுற்றாமல் காற்றில் பிடித்தே அளந்தாள்.

"சண்டேக்குள்ள தெச்சுத் தர்றேன். நீ நடக்காதே, நானே எடுத்துகினு வர்றேன்."

பிப்ரவரி 3, ஞாயிறு

கொண்டு வந்தாள். தோள்பட்டையை நான் போட்ட படத்தைவிட இரண்டு விரல் அகலமாகத் தைத்திருக்கிறாள். "மெல்லிசா வெச்சா தோளு அறுத்துடும், நீ இடுப்புப் புண்ணைத் தோளுக்கு மாத்திக்குவே" என்றாள். ஒப்புக்கொண்டேன்.

போட்டுக்கொண்டு மேலே நீலப் புடவை. வயிற்றில் ஒன்றுமே இல்லாதது போல. கூடத்தில் இரண்டு சுற்று நடந்தேன். அம்மா காப்பியை ஆற்றிக்கொண்டே பார்த்தாள்.

"பின்னாடி கொஞ்சம் தொங்கறது" என்றாள். அவ்வளவுதான்.

பிப்ரவரி 7, வியாழன்

2. நாலு நாளில் கால் அங்குலம். தற்செயலாகவும் இருக்கலாம்.

பிப்ரவரி 12, செவ்வாய்

அவமானம். பிறகு சிரிப்பு.

லைப்ரரியில் புத்தகம் மாற்ற அடையாறு போயிருந்தேன், அம்மாவிடம் கெஞ்சி. திரும்பும்போது பஸ்ஸில் கூட்டம், நின்றுகொண்டு வந்தேன். பாலத்தைத் தாண்டும்போது ஒரு ஊக்கு திறந்துகொண்டது. அடுத்து இன்னொன்று. கொசுவம் மெதுவாக இறங்குகிறது. இரண்டு புத்தகங்களையும் இடுப்போடு அணைத்துக்கொண்டு சிலை மாதிரி நின்றேன். என் ஸ்டாப் வந்தது. நகர முடியவில்லை.

கண்டக்டர்: "இன்னாம்மா, எறங்கப் போறியா, டெப்போ வரைக்கும் வர்றியா?"

பக்கத்தில் மீன் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "டேய், பொம்பளைக்கு ஆயிரம் கீது, வண்டியை நிறுத்து சொல்றேன்" என்று அவனை அதட்டிவிட்டுக் கூடையை வைத்து எழுந்து, தன் முந்தானையால் என்னை மறைத்து நின்றாள். நான் ஊக்கைக் குத்திக்கொண்டேன். பஸ் முழுவதும் எங்களுக்காக நின்றது. நன்றி சொன்னேன். "போ கண்ணு, ஊக்கு பெரிசா வாங்கு" என்றாள்.

பெரிய ஊக்கு ஒரு டஜன் வாங்கினேன். புடவையில் மீன் வாசனை. அம்மா கேட்கவில்லை, நேரே குளிக்கச் சொன்னாள்.

பிப்ரவரி 14, வியாழன்

1½. தற்செயல் இல்லை.

சிஸ்டர் திரியை மறுபடி எடுத்து அளந்தார். "என்ன சாப்பிடறே?" என்றார். மீனெண்ணெய் பாட்டில் சீல் உடைக்காமல் அலமாரியில் இருக்கிறது. சிரித்து மழுப்பினேன்.

பிப்ரவரி 20, புதன்

இரண்டு நாளாக ஜுரம், வயிற்றுப்போக்கு. பழைய சிநேகிதி வாசலில் வந்து நின்ற மாதிரி. பாவாடையை அம்மாவே துவைத்துக் காயப்போட்டாள். நாடா ஒன்றுதான் காரணம் என்று நான் நினைத்தது கர்வமோ? படுத்துக்கொண்டே நோட்டின் பின்பக்கத்தை எத்தனை முறை பார்த்தேன். எண்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் போன வாரத்து எண் இந்த வாரத்துக்குப் பொறுப்பு இல்லை.

பிப்ரவரி 21, வியாழன்

1½. குறையவில்லை, கூடவும் இல்லை. ஜுரம் இறங்கிவிட்டது. இன்னும் ஒரு வாரம்.

பிப்ரவரி 28, வியாழன்

வீட்டுக்கு வந்ததும் நேரே நோட்டோடு உட்கார்ந்துவிட்டேன்.

திரி முக்கால் அங்குலம்.

பெரிய டாக்டர் குனிந்து பார்த்தார். மாணவர்கள் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில், பார்த்தீர்களா, சத்து ஏறியதும் சதை எப்படி வளர்கிறது, மீனெண்ணெயின் வேலை என்றார். பென்சில் கடிக்கிறவன் எழுதிக்கொண்டான்.

நான் எழுந்து உட்கார்ந்தேன். ஆங்கிலத்திலேயே சொன்னேன். மீனெண்ணெய் இல்லை, சார். பாட்டிலைத் திறக்கவே இல்லை. காயத்தின் மேலேயே உள்பாவாடையின் நாடா இறுகிக்கொண்டிருந்தது, அதை எடுத்துவிட்டேன். நோட்டைப் பையிலிருந்து எடுத்துப் பின்பக்கத்தைத் திறந்து கொடுத்தேன். ஆஸ்பத்திரி ஆறு வாரம், நாடாவோடு எட்டு வாரம், நாடா இல்லாமல் நாலு வாரம்.

டாக்டர் பக்கத்தைப் படித்தார். விரலை ஒவ்வொரு எண்ணின் மேலும் வைத்துப் படித்தார். ஜுரம் வந்த வாரத்தில் விரல் நின்றது. "இதையும் எழுதியிருக்கிறாயே" என்றார், இப்போது தமிழில். பிறகு சிஸ்டரிடம், "வார்டில் மற்றவர்கள் வீட்டுக்குப் போனதும் என்ன கட்டிக்கொள்கிறார்கள், யாராவது கேட்டீர்களா?"

சிஸ்டர் தன் வெள்ளைப் புடவை இடுப்பில் கையை வைத்துக்கொண்டார். "இருபது வருஷமா நானே கட்டிக்கிட்டுத்தான் இருக்கேன், டாக்டர். எனக்கே தோணலை."

பென்சில் கடிக்கிறவனின் காதுமடல் சிவந்திருந்தது. என் காதும்தான். ஆனால் குரல் நடுங்கவில்லை. அதை இங்கே எழுதி வைக்கிறேன், பின்னால் மறந்துபோகாமல் இருக்க.

இப்போதைக்கு வெட்ட வேண்டாம், இரண்டு வாரம் பார்க்கலாம் என்றார். வியாதி வேறு, காயம் வேறு. காயம் மூடினாலும் வியாதி திரும்ப வரலாம் என்றும் சொன்னார். தெரியும். அதற்கு வேறு நோட்டு வைத்துக்கொள்வேன்.

சிஸ்டர் வாசல் வரை வந்து, "அந்தப் பாவாடையை ஒரு நாள் கடன் கொடுப்பியா? மாதிரிக்கு" என்றார்.

அம்மாவிடம் எல்லாம் சொன்னேன், ஜனவரியில் மறைத்த பாதியையும் சேர்த்து. "ஆம்பளைகள் முன்னாடி பாவாடைன்னா சொன்னே?" என்றாள். பிறகு, "இங்கிலீஷ்லதானே" என்று தானே சமாதானம் செய்துகொண்டாள். ராத்திரி எனக்குப் பால் அந்தத் தனி டம்ளரில் வரவில்லை, வேறொரு டம்ளரில் வந்தது. யாருடையது என்று பார்த்தேன். அம்மாவுடையது.

மார்ச் 14, வியாழன்

வெயில் ஆரம்பித்துவிட்டது. வார்டுக்காகக் கதீஜா தைத்த மூன்று பாவாடைகளை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரி. வார்டுக் கோடியில் சைதாப்பேட்டைப் பெண் ஒருத்தி, சிஸ்டர் முன்னமே வெட்டித் தைத்துக் கொடுத்த ஒன்றைப் போட்டிருந்தாள். "இன்னா இது, பாப்பா கவுனாட்டம் கீது, என் வூட்டுக்காரன் பார்த்தா சிரிப்பான்" என்று குறை சொல்லிக்கொண்டிருந்தாள். கழற்றவில்லை.

கட்டுப் போடும் அறை. சிஸ்டர் திரியை நனைத்து வைத்துப் பார்த்தார். உள்ளே போகவில்லை. இன்னும் மெல்லியதாகக் கிழித்து மறுபடி வைத்தார்.

போகவில்லை.