ரீச்சருக்கு வந்த வில்லுக்கத்தி

12.1.86, ஞாயிறு

மழை விட்டுவிட்டது. உடுப்புத் தோய்த்தேன். பத்தாம் வகுப்பு விடைத்தாள் முப்பத்திரண்டில் பதினொன்று திருத்தியாயிற்று. ஒருவன் மனித இதயத்துக்கு ஆறு அறை என்று எழுதியிருக்கிறான். வசதியான இதயம்.

பின்னேரம் இன்னாசித்தம்பி வந்தான். என்னிடம் விஞ்ஞானம் படித்தவன், இப்போது கப்பலில் வேலை. கப்பல் ஜேர்மனியில் நின்றபோது நாகலிங்கத்தைக் கண்டு சாமான் வாங்கி வந்திருக்கிறான். நாகலிங்கம் என்பவர் சின்னத்தங்கம் மாமி எனக்குப் பேசிவரும் மாப்பிள்ளை. நயினாதீவு. வயது நாற்பத்தொன்று. அங்கே ஒரு சாப்பாட்டுக்கடைக் குசினியில் வேலை. இதுவரை ஒரு படமும் இரண்டு கடிதமும் வந்திருக்கின்றன. இரண்டு கடிதமும் குளிரைப் பற்றியவை.

"ரீச்சர், குறை நினைக்கக் கூடாது. ஆனையிறவிலை ஆமிக்காரர் பெட்டியைக் கொட்டிப் போட்டுப் பாத்தவங்கள். பேர் எழுதின துண்டெல்லாம் காத்தோடை போயிட்டுது. பிறகு நான்தான் நினைவிலை பாத்துக் கட்டினனான்" என்றான்.

நல்ல நினைவு அவனுக்கு. படிக்கிற காலத்தில் அது தெரியவில்லை.

அம்மாவுக்குக் கம்பளிச் சட்டை. ஊர்காவற்றுறையில், கம்பளிச் சட்டை. தம்பி கதிர்காமுவுக்கு ஒரு வாசனைச் செண்டுப் போத்தல், மூடியில் ரோசாப்பூ. எனக்கு ஒரு வில்லுக்கத்தி.

அம்மா கன்னத்தில் கை வைத்தா. "பேசி முடியாத பொம்பிளைக்கு ஆரும் கத்தி அனுப்புவினமே? அறுக்கிற சாமான் குடுத்தால் உறவும் அறுமெல்லே!"

கதிர்காமு போத்தலை மணந்து பார்த்தான். என்னைப் பார்த்தான். இன்னாசித்தம்பியை வாசல் படலை வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தான். 

13.1.86, திங்கள்

ஆறுதலாகப் பார்த்தேன்.

மூடினால் என் கையகலம். பிடி கொம்பு, கறுப்பும் மண்ணிறமும் கலந்தது. மானா மாடா தெரியவில்லை, விலங்கியல் படித்து என்ன பயன். இரண்டு அலகு. பெரியதன் வேலை விளங்குகிறது. சின்னதற்கு என்ன வேலை என்று போகப் போகத் தெரியும். ஒவ்வொன்றிலும் நகம் வைத்துத் திறக்க ஒரு பள்ளம். திறக்கும்போது பாதி வழியில் ஒரு தரம் நிற்கிறது. யோசிக்கிறதாக்கும். பிறகு டக்கென்று போய் இருந்துகொள்கிறது.

பூட்டு இல்லை. முதுகில் ஒரு வில்தகடு அலகைத் தள்ளிப் பிடித்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். வெட்டும் பக்கம் அழுத்தினால் நிற்கும், முதுகுப் பக்கம் அழுத்தினால் மடங்கும். மரியாதையாகப் பிடித்தால் மரியாதையாக நடக்கும்.

குறை: நகம் வெட்டின நாளில் திறக்க ஏலாது.

மொத்தம் நூற்றுக்கு எழுபது. முதல் நாளிலே கூடப் போட்டால் பழக்கம் கெட்டுவிடும்.

15.1.86, புதன்

பட்டிப் பொங்கல். கதிர்காமு செண்டு பூசிக்கொண்டு மாடு குளிப்பாட்டப் போனான். மாடு ஒத்துக்கொள்ளவில்லை.

19.1.86, ஞாயிறு

வலது சுட்டுவிரலில் கட்டு. எழுத்துக் கோணல்.

தேங்காய்ச் சிரட்டையில் ஓட்டை போட நுனியால் குத்தினேன். மடங்கிக் கடித்துவிட்டது. பிழை என்னுடையது. வெட்டப் பிறந்ததைக் குத்த விட்டேன். பூட்டில்லை என்று திங்கட்கிழமை நானே எழுதி வைத்திருக்கிறேன், எழுதுகிறவளுக்கு வாசிக்கிற பழக்கம் இல்லை.

"வந்து ஒரு கிழமையில்லை, ரத்தம் குடிச்சிட்டுது" என்றா அம்மா. சின்னத்தங்கம் மாமியும் வந்து கத்தியைத் தூர நின்று பார்த்துவிட்டுப் போனா. "மாப்பிள்ளைக்கு விருப்பமில்லைப் போலை, அதைத்தான் இப்பிடிச் சொல்லுறானோ தெரியாது" என்றாவாம். அம்மா அதை என்னிடம் மூன்று தரம் சொன்னா.

எனக்கு அப்படிப் படவில்லை. ஏன் படவில்லை என்று நாளைக்கு எழுதுகிறேன். விரல் நோகிறது.

24.1.86, வெள்ளி

இன்று உயர்தர வகுப்புக்குத் தவளை வெட்டிக் காட்டினேன். சின்ன அலகின் வேலை இதுதான். பள்ளிக்கூடக் கத்திகள் துருப்பிடித்துப் போய் நாலு வருடம். அதுமுதல் பாதியாய் முறித்த சவர அலகால்தான் வெட்டி, தவளையோடு சேர்த்து என் விரலையும் வெட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். இன்று தோல் கடுதாசி மாதிரி விட்டது. பிள்ளைகள் மூச்சு விடவில்லை. தவளையும் விடவில்லை, அது முதலே செத்தது.

இந்தச் சவர அலகுக் கதையை நாகலிங்கத்துக்கு எழுதின பதில் கடிதத்தில் எழுதியிருந்தேன். குளிருக்குப் பதில் என்ன எழுதுவது என்று தெரியாமல் எழுதினது. அதை வாசித்திருக்கிறார்!

அம்மா எனக்குத் தெரியாமல் தேசிக்காய் வெட்டியிருக்கிறா. அலகு நீலம்பாரித்துப் போயிற்று. "விசம் ஏறியிருக்கு" என்று கொண்டுவந்து நிலத்தில் வைத்தா. கத்தியைக் கையில் தரமாட்டா, நிலத்தில் வைப்பா, நான் எடுக்க வேண்டும். கைக்குக் கை மாறினால் சண்டை வருமாம். நிலத்தில் வைத்துவிட்டுத்தான் சண்டை பிடித்தா. புளியும் இரும்பும் சேர்ந்தால் அப்படித்தான், இனித் துருப்பிடிக்காது என்று விளக்கினேன். "நீ படிச்சனி" என்றா. எங்கள் வீட்டில் அது பாராட்டு இல்லை.

எண்பத்திரண்டு.

2.2.86, ஞாயிறு

எழுதிவிடுகிறேன்.

எனக்கு முப்பத்தாறு வயது. இதற்கு முன் நாலு இடம் பேசினார்கள். ஒருவர் வேலையை விடச் சொன்னார். ஒருவருக்குச் செவ்வாய். ஒருவர் கனடாவுக்குப் போனவர், போனவர்தான். நாலாவது ஆளின் தாய் தேத்தண்ணி வாங்கும்போது என் கையை மணந்துவிட்டு, "என்ன பிள்ளை, பிணத்தடி மணக்குது" என்றா. தவளை போட்டு வைக்கிற மருந்து மணம், எத்தனை சவர்க்காரம் போட்டாலும் போகாது. அவை போன பிறகு கிணற்றடியில் இருந்து கையைச் சாம்பலால் தேய்த்தேன். ஏன் தேய்த்தேன்? இப்பவும் கோபம் வருகிறது, அந்த மனிசியிலை இல்லை, தேய்ச்ச என்னிலை.

நான் கல்யாணம் முடிக்காவிட்டால் தம்பி முடிக்கமாட்டான். அதுவும் தெரியும். அவனுக்கு முப்பத்திரண்டு. ஒரு நாளும் வாய் திறந்து சொன்னதில்லை, அதனால் இன்னும் பாரம்.

இந்த மனிசன் என் வேலைக்கு ஒரு சாமான் அனுப்பியிருக்கிறார். கையை மறைக்க இல்லை, கையில் பிடிக்க.

கடிதம் எழுதி ஒட்டிவிட்டேன். "கத்தி கிடைத்தது. நல்ல கத்தி. எனக்குச் சம்மதம்." நாளைக்குத் தபாலில் போடுவேன்.

அம்மா அழுதா. சின்னத்தங்கம் மாமி இதைத் தான் முதலே சொன்னதாகச் சொன்னா.

கதிர்காமுவிடம் சொன்னபோது, "வடிவா யோசிச்சனியே அக்கா?" என்றான். செண்டு மணத்தில் தலையிடித்தது.

16.2.86, ஞாயிறு

அம்மா இப்போது என்னைக் கேட்காமலே கத்தியை எடுக்கிறா. கத்தரிக்காய், பயிற்றங்காய், நூல், எல்லாம். "அரிவாளிலும் பாக்கச் சுகம்தான்" என்று கத்தரிக்காயிடம் சொல்லிக்கொண்டிருந்தா.

தொண்ணூறு. தொண்ணூறுக்கு மேல் நான் ஒருவருக்கும் போட்டதில்லை.

21.3.86, வெள்ளி

நாகலிங்கத்தின் கடிதம். என் சம்மதம் அவர் கைக்குப் போக முதல் எழுதியிருக்கிறார்.

"இன்னாசித்தம்பி சாமான்களை ஒழுங்காகத் தந்திருப்பார் என நினைக்கிறேன். செண்டு உங்களுக்குப் பிடித்ததோ தெரியாது. கடையில் நின்ற பெண் நல்லதென்று சொன்னா. தம்பிக்கு அனுப்பிய கத்திக்குப் பூட்டு இல்லை, விரல் கவனம் என்று சொல்லவும். இங்கே இன்னும் குளிர்."

நாலு தரம் வாசித்தேன். எழுத்துத் தெளிவான எழுத்து.

22.3.86, சனி

பாடசாலை இல்லை. இருந்திருந்தால் நல்லது.

கதிர்காமுவைக் கூப்பிட்டுக் கடிதத்தைக் கொடுத்தேன். அவன் வாசிக்கவில்லை.

"தெரியும் அக்கா. அண்டைக்கே படலையிலை வைச்சுக் கேட்டனான். 'ரீச்சர் தவளை வெட்டுறவ, கத்தி வேறை ஆருக்கு வரப்போகுது' எண்டு சொன்னவன் இன்னாசி. அவனுக்கு அதிலை சந்தேகமே இல்லை."

"பிறகேன் சொல்லேல்லை?"

"நீ ரா முழுக்க அதைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தனி. டக்கு டக்கெண்டு கேட்டது."

"அப்ப அந்த நாத்தத்தை ஏன் பூசினனி? சந்தையிலை உன்னை என்னெண்டு கூப்பிடுகினம் எண்டு தெரியுமே?"

"தெரியும். பூசாமல் விட்டால் நீ யோசிச்சிருப்பாய், சாமான் மாறிப்போச்சோ எண்டு."

பத்துக் கிழமை. தோட்டத்துக்கும் சந்தைக்கும் ரோசாப்பூ மணக்க மணக்கப் போய் வந்திருக்கிறான். எருமை. என்ரை எருமை. எனக்கு அழுகை வந்தது, அவனுக்கு முன்னால் அழுதேன். அவனுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை, மாட்டைப் பார்த்தான்.

ஆக, என்னை அறிந்தவன் ஒரு கப்பல்காரப் பெடியன். தவளைப் பாடத்துக்கு நாற்பது புள்ளி எடுத்தவன். மாப்பிள்ளையாகப் போகிறவர் எனக்கு அனுப்பினது கைக்குப் பூசச் செண்டு.

கத்தியின் புள்ளியைக் குறைக்க வேணுமா? கத்தி என்ன செய்தது.

30.3.86, ஞாயிறு

ஒரு கிழமை யோசித்தேன். சொல்லாமல் விடலாம். செண்டு பிடித்தது என்று ஒரு வரி எழுதினால் கார்த்திகைக்குள் கல்யாணம் முடிந்துவிடும். தம்பிக்கும் வழி. அம்மாவும் அதைத்தான் சொல்கிறா: "மனிசர் பிழை விடாமல் இருப்பினமே? நீ வாயைப் பொத்திக்கொண்டு இரு."

சரிதான். ஆனால் பிறகு இருபத்தைந்து வருடம் நான் செண்டு பூச வேண்டும்.

எழுதினது இது:

"பொட்டலம் மாறிவிட்டது. செண்டு தம்பிக்குப் போனது, பூசி முடித்துவிட்டான். கத்தி எனக்கு வந்தது. அதைப் பார்த்துத்தான் சம்மதம் என்று எழுதினேன். என்னை நினைத்து வாங்கினீர்கள் என்று நினைத்தேன். இல்லையென்று இப்போது தெரியும். என் கை மருந்து மணக்கும், எந்தச் செண்டுக்கும் போகாது. கத்தியைத் திருப்பித் தர எனக்கு மனமில்லை. சம்மதத்தைத் திருப்பித் தர உங்களுக்கு உரிமை உண்டு. கத்தியால் விரல் வெட்டுப்பட்டது, ஆறிவிட்டது. — சறோஜினிதேவி."

தம்பியிடம் வாசித்துக் காட்டினேன், அவனுடைய வாழ்க்கையும் இதில் இருக்கிறது. "போடு அக்கா" என்றான். அவனே தபால் கந்தோருக்குக் கொண்டுபோனான்.

18.5.86, ஞாயிறு

சத்தம். மூன்று நாளாகக் குண்டு. பஸ் இல்லை, தபால் இல்லை. பள்ளிக்கூடம் பாதி நாள். தவளை கிடைக்கிறது, பிள்ளைகள்தான் வரவில்லை.

பதில் இல்லை. சின்னத்தங்கம் மாமி இப்போது எங்கள் வீட்டு ஒழுங்கை வழியால் வராமல் சுற்றிப் போகிறா.

1.6.86, ஞாயிறு

பதில் இல்லை. கத்திக்கும் கூர் போய்விட்டது. கருங்கல்லில் தீட்டினேன், இன்னும் மோசம். தக்காளிகூட நசிகிறது. அம்மா பழைய அரிவாளுக்குப் போய்விட்டா, ஒன்றும் சொல்லாமல். சொல்லியிருக்கலாம்.

நான் அந்தக் கடிதத்தை எழுதியிருக்கக் கூடாதோ? இல்லை. எழுதத்தான் வேணும். ஆனால் மனம் நோகாமல் இல்லை.

27.6.86, வெள்ளி

தபால் கந்தோரிலிருந்து ஆள் விட்டிருந்தார்கள். பொதி. தபால் அதிபர் முன்னால் பிரிக்க வேண்டுமாம். நாட்டு நிலைமை, பாரம் வேறு சந்தேகமாக இருக்கிறதாம்.

பிரித்தேன். உள்ளே ஒரு கல்.

தபால் அதிபர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் போட்டுப் பார்த்தார். அப்போதும் கல்தான். "இதென்ன ரீச்சர், அங்கை இருந்து கல்லு அனுப்புகினமோ?" என்றார். சாணைக்கல் என்றேன். ஒரு பக்கம் சொரசொரப்பு, மற்றப் பக்கம் மழமழப்பு. கையெழுத்து வாங்கிக்கொண்டு விட்டார்.

கடிதம் சின்னது. குளிர் இல்லை, இப்போது அங்கே வெயிலாம்.

"சவர அலகால் வெட்டுவதாக நீங்கள் எழுதியதை வாசித்தேன். வாசித்தும் செண்டு வாங்கினேன். பெண்களுக்கு அதுதான் அனுப்புவது என்றார்கள். இங்கே குசினியில் எல்லாக் கத்தியும் நான்தான் தீட்டுகிறேன், என் கை வெங்காயம் மணக்கும். இதற்குள் உங்கள் கத்திக்குக் கூர் போயிருக்கும். முதலில் சொரசொரப்பில், தண்ணீர் விட்டு. அலகைச் சரித்துப் பிடிக்கவும், அவசரம் வேண்டாம். மார்கழியில் வருகிறேன். உங்கள் சம்மதம் என்னிடம்தான் இருக்கிறது, திருப்பி அனுப்பவில்லை."

அம்மா கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தா. "கத்தி முடிஞ்சு, இப்ப கல்லு. இனி என்னத்தை அனுப்பப் போறானோ" என்றா. பிறகு பஞ்சாங்கத்தைத் தேடினா.

கல்லின் கரையில் ஏதோ கீறல். கதிர்காமு வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினான். ஆழமாகக் கீறியிருக்கிறார். காற்றில் போகாது, எவன் பெட்டியைக் கொட்டினாலும் மாறாது: சறோஜினிதேவி.

தண்ணீர் விட்டு அரை மணித்தியாலம் தீட்டினேன்.